சிங்க முத்திரையும் தேயிலைக் கொழுந்தும்

நாட்டுக்கு ஒரு கொடி, ஒரு கீதம், ஒரு மலர், ஒரு பறவை என வகுத்துக்கொள்வது உலக அரசுகளிடையே நெடுங்காலமாகப் பழகிவந்த வழக்கம். உண்ணும் பொருளையும் பருகும் பொருளையும் அவ்வரிசையிற் சேர்ப்பது அதற்குப் பிற்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓகையோ மாநிலம் 1965-ஆம் ஆண்டில் தக்காளிச் சாற்றைத் தன் மாநிலப் பானமாக அறிவித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் புளோரிடா மாநிலம் தோடம்பழச் சாற்றுக்கு அந்தப் பெருமையை அளித்தது. தென் கரோலினா மாநிலம் 1984-இல் பாலைத் தன் பானமாகக் கொண்டது. அதனோடு அமையாமல், வாட்மலோ என்னும் தீவில் ஒரு சிறு தேயிலைத் தோட்டம் இருந்த காரணத்தால், தன் மண்ணில் விளைந்த தேயிலையை 1995-இல் விருந்தோம்பற் பானமாகவும் சட்டத்தில் எழுதிக்கொண்டது. பாகிஸ்தான் அரசு 2019-இல் மக்களிடம் கருத்துக் கேட்டுக் கரும்புச் சாற்றைத் தேசிய பானமாக்கியது. இவற்றுள் சில சிரிப்பை விளைவிக்கலாம். ஆயினும் ஒவ்வோர் அறிவிப்பின் பின்னாலும் ஒரு பயிர் நிற்கிறது, அப்பயிரை விற்பவர் நிற்கின்றனர், சில வேளைகளில் அதை விளைவிப்பவரும் நிற்கின்றனர்.

இலங்கையின் தேசியச் சின்னங்களைப் பார்க்குமிடத்து, 1986-ஆம் ஆண்டில் நீல ஆம்பல் தேசிய மலராகவும் நாகமரம் தேசிய மரமாகவும் ஏற்கப்பட்டன. அப்பட்டியலில் தேயிலைக்கு இடமில்லை. தேயிலை இந்நாட்டில் தானாக முளைத்த செடியும் அன்று. ஆனால் எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்தச் செடிக்கு அரசு அளித்திருக்கும் முத்திரை, மலருக்கும் மரத்துக்கும் கிடைக்காத ஒன்று. வாளேந்திய சிங்கம் நாட்டின் கொடியில் நிற்கிறது. தேயிலைப் பொதியின் மீதும் அதுவே நிற்கிறது.

அந்தச் சிங்க முத்திரை இலங்கைத் தேயிலைச் சபையின் உடைமை. 1976-ஆம் ஆண்டு சனவரி முதல் இயங்கிவரும் இந்த அரச சபை, பல நாடுகளில் அதை வணிகக் குறியாகப் பதிந்து காத்து வருகிறது. விரும்பிய வணிகரெல்லாம் அதை எடுத்து ஒட்டிக்கொள்ள இயலாது. பொதியினுள் இருப்பது முற்றும் இலங்கையில் விளைந்த தேயிலையாக இருத்தல் வேண்டும். பிறநாட்டுத் தூள் ஒரு சிட்டிகையேனும் கலத்தலாகாது. பொதி செய்தலும் இந்நாட்டிலேயே நடைபெற வேண்டும். தரத்தைச் சபை சோதித்து ஒப்ப வேண்டும். ஆகவே இலண்டனிலோ துபாயிலோ பொதிசெய்யப்பட்ட தேயிலை, இலங்கை மலையிலிருந்து சென்றதாயினும், சிங்கத்தைத் தாங்க உரிமையற்றதாகிறது.

நாட்டு முத்திரையின் கீழே ஏழு பிரதேச முத்திரைகளும் உண்டு. நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, உருகுணை என்பன அவ்வேழும். பெயர்தான் வேறு, தூள் ஒன்றே என்று நினைப்பவர் ஒருமுறை நுவரெலியாத் தேயிலையையும் உருகுணைத் தேயிலையையும் அருகருகே ஊற்றிப் பார்க்கலாம். முன்னது வெளிறிய பொன்னிறமாய், மெல்லிய மணத்தோடு இருக்கும். பின்னது கருஞ்சிவப்பாய் நாவைப் பற்றிக்கொள்ளும். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் இரவுக் குளிர் கொழுந்தை விரைந்து வளர விடுவதில்லை. அந்தத் தாமதமே அதற்கு மணமாகிறது. மேற்குச் சரிவிலுள்ள அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகள் திம்புள்ள என்னும் பெயருக்குள் அடங்கும். இங்கு சனவரி முதல் மார்ச்சு வரை வீசும் வறண்ட குளிர்காற்றில் தேயிலையின் சுவை உச்சத்தை அடையும். ஊவாவுக்கோ காலம் மாறும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும் சூலை முதல் செப்டெம்பர் வரையில், மலைத்தொடரைத் தாண்டி ஈரம் இழந்து வரும் காற்றே ஊவாத் தேயிலையின் தனிச் சுவைக்குக் காரணம். ஒரே தீவில், ஒரே மலைத்தொடரின் இரு புறங்களில், இரு வேறு காலங்களில் சிறந்த தேயிலை கிடைக்கிறது. வாங்குவோர் இதை நன்கறிவர்.

இந்தப் பெயர் ஒருநாளில் உண்டானதன்று. 1839-இல் அசாம் தேயிலை விதைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. அதையடுத்த சில ஆண்டுகளில் வோர்ம்ஸ் சகோதரர் சீனச் செடிகளைப் புசல்லாவையில் நட்டுப் பார்த்தனர். ஆயினும் அக்காலத்தில் மலைநாட்டை ஆண்டது கோப்பி. 1867-இல் கண்டியை அடுத்த லூலகந்துர தோட்டத்தில் ஸ்கொத்லாந்தவரான ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில் கோப்பி இலையில் செந்நிறப் பூஞ்சை நோய் தோன்றியது. டெய்லரின் பங்களா வராந்தாவில் கையால் உருட்டப்பட்ட இலை, 1873-இல் 23 இறாத்தல் அளவில் இலண்டனுக்குச் சென்றது. அந்நூற்றாண்டு முடியும்போது தேயிலை நிலம் நான்கு இலட்சம் ஏக்கரை நெருங்கிவிட்டது. 1883-இல் கொழும்பில் முதல் ஏலம் நடைபெற்றது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் அமைத்துப் பத்து இலட்சம் தேயிலைப் பொதிகளை விற்றனர். இலங்கைத் தேயிலை என்னும் பெயரைப் பேரளவில் உலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் முயற்சி இதுவே எனலாம்.

விளம்பரத்தை அரசு சட்டத்தால் ஒழுங்குபடுத்தியது 1932-இல். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்த காலம் அது. ஏற்றுமதியாகும் ஒவ்வோர் இறாத்தலிலும் ஒரு சிறு வரி அறவிட்டு, அப்பணத்தைக் கொண்டு தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டது. அதன் பின்னர் தேயிலை அரசின் முகமாகவே மாறத் தொடங்கிற்று. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில், 1935-இல் தொடங்கி வெளியான இலங்கை அஞ்சல் தலை வரிசையில் கொழுந்து பறிக்கும் காட்சி ஒன்று இடம்பெற்றது. 1967-இல் தேயிலை நூற்றாண்டையொட்டித் தனியாக அஞ்சல் தலைகள் வெளியிடப்பட்டன. 1991-ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த நூறு ரூபாய் நோட்டின் பின்புறத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் தோன்றினர். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுக் கூடை தொங்க, இரு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளும் அந்தப் பெண்ணின் உருவம் சுவரொட்டிகளிலும் தகரப் பெட்டிகளிலும் உலகெங்கும் பரவியது. மன்னர் உருவத்துக்கு அடுத்தபடியாக அவள் உருவமே இலங்கையின் அடையாளமாயிற்று என்றால் அது மிகையன்று.

அவள் யார் என்பதைத்தான் அரசு நெடுங்காலம் தீர்மானியாமல் விட்டிருந்தது.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம். கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டில் சில மாதங்களே நடக்கும் வேலை. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரோடு கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோருள் பிழைத்தவர்கள், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டோர் பல்லாயிரவர். தேயிலையோ அவ்வாறு விட்டுவிட்டுப் போகக்கூடிய பயிரன்று. ஏழு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை அதே மலைக்குத் திரும்பிக் கொழுந்தெடுத்தாக வேண்டும்; தவறினால் இலை முற்றிவிடும். கவ்வாத்து வெட்டுவது, புல் வெட்டுவது, கான் வெட்டுவது என ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. ஆகவே குடும்பத்தோடு தங்கி வாழும் மக்கள் தோட்டத்துக்குத் தேவைப்பட்டனர். லயங்கள் எழுந்தன, அவற்றிலேயே பிள்ளைகள் பிறந்தனர், மாரியம்மன் கோயில்கள் உண்டாயின. இம்மக்களை மலைநாட்டில் வேரூன்றச் செய்தது தேயிலைதான். பின்னாளில் இவர்களை நிலையற்ற வந்தேறிகள் என்று வாதிட்டவர் பலர். தேயிலை எவ்வாறு வளர்கிறது என்பதை அவர்கள் ஒருகணம் எண்ணியிருந்தால் அவ்வாதம் எழுந்திராது.

1946-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, இந்தியத் தமிழர் என்னும் தலைப்பின் கீழ் வந்தோர் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். மறு ஆண்டே, 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவுச் சீட்டே அரிதாக இருந்த லயங்களில் அச்சான்று எங்கிருந்து கிடைக்கும்? 1949-ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க வழிசெய்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர்; ஏறத்தாழ 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. எஞ்சியோர் எந்நாட்டுக்கும் உரியரல்லாதார் ஆயினர். வாக்குரிமையும் அவர்களை விட்டு நீங்கிற்று.

1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். 9,75,000 பேர் என்று மதிப்பிடப்பட்ட அம்மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்பது முடிபு. பத்து ஆண்டுகளுக்குப் பின் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாகப் பிரிந்த குடும்பங்கள் மலைநாட்டில் இன்றும் உள. ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டு, 1965-இல், உலகில் மிகுதியாகத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடு என்னும் இடத்தை இலங்கை முதன்முறையாகப் பெற்றது. பறித்தவரைத் திருப்பியனுப்பக் கணக்குப் போட்ட ஆண்டும் பறித்த பொருள் உலகில் முதலிடம் பெற்ற ஆண்டும் அடுத்தடுத்து வந்தன என்பதை வரலாற்று நூல்கள் வேறுவேறு அத்தியாயங்களில் எழுதுகின்றன. தேயிலை நூல்கள் ஒப்பந்தத்தைப் பற்றியும், ஒப்பந்த நூல்கள் ஏலச் சந்தையைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை.

கப்பலேறியவர்களோடு தேயிலையும் தொடர்ந்து சென்றது. திரும்பியோருக்கு வாழ்வளிக்கத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கத் தொடங்கியது. அத்திட்டமே 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. மஸ்கெலியாவில் கூடை மாட்டிய கை கோத்தகிரியிலும் பந்தலூரிலும் மீண்டும் கூடை மாட்டிற்று. அங்கே அவர்களுக்கு வழங்கிய பெயர் சிலோன்காரர், இங்கே இந்தியாக்காரர்.

பெயரைப் பற்றிய பேச்சு வந்ததால் 1972-ஆம் ஆண்டையும் குறிப்பிட வேண்டும். அவ்வாண்டு மே 22-இல் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. சிலோன் என்று ஆங்கிலத்தில் வழங்கிய நாடு ஸ்ரீ லங்கா ஆயிற்று. தமிழ் பேசுவோருக்கு இம்மாற்றம் அவ்வளவாக உறைக்கவில்லை. முன்னும் இலங்கை, பின்னும் இலங்கை. தோட்டத்துப் பழைய வழக்கிலோ கண்டிச் சீமை. ஆனால் வணிகருக்கு அது பெருங்கவலையாயிற்று. நூறாண்டு உழைத்து உலகை மனனம் செய்வித்த பெயரை விடுவதா? விடவில்லை. நாடு பெயர் மாறிய பின்னரும் தேயிலை சிலோன் தேயிலையாகவே இருந்தது. 2011-இல் அரச நிறுவனங்களில் எஞ்சியிருந்த பழைய ஆங்கிலப் பெயரை நீக்க அரசாங்கம் முடிவு செய்தபோதும் தேயிலை தன் பழம் பெயரோடு தப்பியது. அடிமைக்காலப் பெயர் என்று கடிதத் தாளிலிருந்து நீக்கப்பட்டது பொதியின் மீது மட்டும் செல்வமாக மதிக்கப்பட்டது.

அண்டை நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் அசாமின் ஜோர்காட் நகரில் நடந்த தேயிலைத் தோட்டக்காரர் விழாவில், இந்தியத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்த மோன்டேக் சிங் அலுவாலியா, அடுத்த ஆண்டுக்குள் தேயிலை தேசிய பானமாகும் என்று அறிவித்தார். அசாமில் முதன்முதல் தேயிலை பயிரிட்ட இந்தியரும், 1858-இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டவருமான மணிராம் தேவானின் பிறந்த நாளாகிய ஏப்ரல் 17 அதற்கென்று குறிக்கப்பட்டது. பால் தரப்பினர் எதிர்த்தனர். கோப்பித் தரப்பினரும் முணுமுணுத்தனர். குறித்த நாள் வந்து சென்றது, அறிவிப்பு வரவில்லை. தேசிய பானம் என்னும் பெருமையைக் காட்டிலும் பயன்தந்தது வேறொன்று. 2004-இல் டார்ஜிலிங் தேயிலை இந்தியாவின் முதற் புவிசார் குறியீட்டைப் பெற்றது. அதனால் டார்ஜிலிங் என்னும் பெயரை வேற்று மண்ணின் தேயிலைக்கு இடுவது சட்டப்படி தவறாயிற்று. அந்தத் தேயிலையின் முத்திரையில் இருப்பது இலையும் அரும்பும் ஏந்திய ஒரு பெண்ணின் உருவம். இலங்கை சிங்கத்தைத் தேர்ந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் தாமே தம் முடிவுக்கு வரலாம்.

சிங்க முத்திரையைச் சுற்றி வழக்கும் இல்லாமலில்லை. கென்யாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலிந்த தேயிலையை இறக்கி, இலங்கைத் தேயிலையோடு கலந்து ஏற்றுமதி செய்தால் கொழும்பு பெரிய வாணிப மையமாகும் என ஏற்றுமதியாளருள் ஒரு சாரார் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். விளைவிப்போர் அதை மறுக்கின்றனர். கலப்பு ஒருமுறை புகுந்தால் சிங்கத்தின் சொல்லை நம்புவோர் இரார் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் விளைவிப்போர் பக்கமே நியாயம் மிகுதியாக இருப்பதாகத் தோன்றுகிறது. முத்திரை என்பது வாக்குறுதி. அதைத் தளர்த்தியபின் அது வெறும் படம்.

தோட்டங்களின் பேச்சு வழக்கில் ஒருநாள் முழுச் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். காலையிற் பெரட்டுக்குச் சென்று, மலையேறி, மாலையில் நிறுத்துக் கணக்கெழுதியபின்தான் ஒருவருக்குப் பேர் விழும். அந்தப் பேரின் மதிப்பை ஆயிரம் ரூபாயாக்க வேண்டும் என்னும் கோரிக்கை அட்டன் வீதிகளிலும் கொழும்பிலும் பல ஆண்டுகள் ஒலித்தது. 2021-ஆம் ஆண்டிலேதான் அது வர்த்தமானியில் ஏறிற்று. தேயிலை ஏலத்தில் ஒரு தோட்டத்தின் பெயருக்கு ஒரு விலை உண்டு. அதே தோட்டத்தில் ஒரு பேருக்கு வேறொரு விலை. முன்னதை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. பின்னதைத் தீர்மானிக்க மேசைகள் பல கூடிக் கலைந்தன.

நாடற்றோர் நிலை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் முடிவுக்கு வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் நாட்டில் வாழ்ந்த இந்திய வமிசாவளியினரும் அவர்தம் சந்ததியாரும் குடிகளாயினர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே நாளையே பிற்காலச் சட்டம் எல்லையாகக் கொண்டது. இதற்குள் நாற்பதாண்டு ஓடிவிட்டது.

பெயர் பற்றிய கேள்வி அதனோடு தீரவில்லை. மலையகத் தமிழர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் வழக்கம் படித்த இளைஞரிடையே தோன்றி, ஆசிரியரிடத்தும் எழுத்தாளரிடத்தும் பரவி, பின்னர் லயங்களுக்கும் சென்றது. 2023-இல், முதற் கூட்டம் வந்ததாகக் கொள்ளப்படும் ஆண்டிலிருந்து இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, ஆண்களும் பெண்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியிலேயே பதினைந்து நாட்களுக்கு மேல் நடந்து சென்றனர். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்னும் பழந்தலைப்போடு மலையகத் தமிழர் என்பதும் சேர்க்கப்பட்டது.

தோட்டத்தில் தொழிலாளருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் தேயிலைத் தூள் இஸ்டோரிலிருந்து நிறுத்துக் கொடுக்கப்படுவது. அது கடல் கடந்து செல்லும் பொதியன்று. ஆகையால் அதற்கு முத்திரை வேண்டியதில்லை. அதிகாலையில், பெரட்டுக்குச் செல்லுமுன், சுடுநீரில் அதையிட்டுச் சீனியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு பருகும் தேத்தண்ணீர், நுவரெலியாவின் குளிருக்கு மிகவும் ஏற்றது.